ஆபேலுக்கும் லிடிக்கும் நடுவே ஓர் இடம்

எங்கள் ஊர் வல்ழோனின் நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வருஷங்கள் போயும் எரிச்சல் குறையவில்லை. குழி தோண்டி, சிமெண்ட் போட்டு அதை நட்டவனும் நான்தான். ஊராட்சியில் சம்பளம் வாங்குகிறவன், சொன்னதைச் செய்ய வேண்டியவன்.

கத்தோலிக்க அரசன் புராட்டஸ்டன்ட் மதத்தைத் தடைசெய்த காலத்தில், கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்ட இவ்வூர் மக்கள் இறந்தவர்களைத் தங்கள் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கடைசி வரி: "அந்த வழக்கம் இன்றும் வல்ழோனில் உயிரோடு இருக்கிறது." பக்கத்தில் ஒரு படம். கூடை நிறைய வெங்காயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி, அவளுக்குப் பின்னால் ஒரு சைப்ரஸ் மரம்.

படத்தில் இருப்பவள் ஸெலி. உயிரோடு இருக்கிறதாம் வழக்கம். எழுதினவர்கள்தான் அவளை அவள் நிலத்தில் புதைக்க விடவில்லை. இப்போது அவள் கிடப்பது ஊர்ப் பொதுக் கல்லறையில், லியோனிலிருந்து வந்து ஓய்வெடுத்துச் செத்துப்போன ஒரு பல் டாக்டருக்கும் கம்பி வேலிக்கும் நடுவில். அந்தப் பல் டாக்டரோடு அவள் உயிரோடிருக்கையில் ஒரு வார்த்தை பேசினதில்லை.

பலகையை நின்று படிக்கிறவர்களுக்கு இது தெரியாது. படித்துவிட்டுத் தொட்டியில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தண்ணீரும் அவளுடையதுதான்.

ஊருக்கு மேலே கழுதைப் பாதையில் ஏறினால் வருகிற ஒற்றை வீடு லா கூம்ப். ஸெலி பிறந்தது அங்கே. கல்லடுக்கிக் கட்டின படிப்படியான நிலம், கஷ்கொட்டை மரங்கள், நாலைந்து ஆடு, பாறைக்கடியில் ஓர் ஊற்று. பள்ளிக்கூடத்தை விட்டதும் அவளைக் கீழே பட்டு நூற்பாலைக்கு அனுப்பினார்கள். கொதிக்கிற தண்ணீரில் பட்டுப்புழுக் கூடுகளைப் போட்டு விரலால் இழை எடுக்கிற வேலை. அந்த வேலை அவள் கைக்கு ஒன்றைச் செய்துவிட்டது. சூடு உறைக்கிற புத்தி அந்த விரல்களுக்குப் போய்விட்டது. குளிர்காலத்தில் அவள் வீட்டுக்குப் போனால், அடுப்பில் வெடித்துக்கொண்டிருக்கும் கஷ்கொட்டையை வெறும் கையால் எடுத்து நம் மடியில் போடுவாள். நாம் துள்ளுவோம். அவள் சிரிப்பாள்.

ஆலை மூடினபோது அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. புருஷன் ஆபேல், கீழே அலெஸ் நகரத்துப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தான். பேச்சு குறைவு, இருமல் அதிகம். ஒரே பெண், லிடி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷமே மூளைக் காய்ச்சலில் போய்விட்டது. பனி விழுந்து பாதை அடைத்துக் கிடந்தது. டாக்டர் பாதி வழி வந்து திரும்பிப் போனாராம். வீட்டுக்குப் பின்னாலிருக்கிற அடுக்கில், சைப்ரஸ் மரத்தடியில், ஸெலியின் தகப்பனும் பாட்டனும் கிடக்கிற வரிசையில், ஆபேலே குழி தோண்டிப் பெண்ணை வைத்தான். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் அப்படித்தான். மரம் இருந்தால் அடியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கரித்தூள் நுரையீரலை அடைத்து ஆபேலும் போனான். படுத்தால் மூச்சு வராது. கடைசி குளிர்காலம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான், அதிலேயே முடிந்துபோனான். ஸெலி அவனைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் அகலம் விட்டு வைத்தாள். விட்ட இடத்தில் வெங்காயம் நட்டாள்.

வெங்காயம் நட அவளுக்கு வேறு அடுக்குகள் இல்லாமல் இல்லை. ஒரு தடவை கேட்டேன்.

"அங்க ஏன் நடறீங்க?"

"வருஷா வருஷம் கொத்திவிட்டாத்தான் மண்ணு இறுகாம இருக்கும். நாளைக்கு நீதானே தோண்டப்போறே. உன் முதுகுக்காகத்தான்டா பாக்கறேன்."

"நான் தோண்டறதுக்குள்ள நீங்க என்னையே புதைச்சிடுவீங்க."

"உன்னைய எங்க புதைக்கிறது? கத்தோலிக்கன். வெங்காயம் கசந்துபோகும்."

எனக்கும் அவளுக்கும் உறவு கிடையாது. அவள் ஊற்றிலிருந்து ஊருக்கு வருகிற குழாயைப் பார்த்துக்கொள்வது என் வேலையில் ஒன்று. இலை அடைத்தால் எடுக்க வேண்டும், பனியில் வெடித்தால் ஒட்ட வேண்டும். அதற்காகப் போகும்போது ரொட்டியும் காஸ் சிலிண்டரும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் ஆட்டுப்பாலில் செய்த வட்டப் பாலாடைக்கட்டி இரண்டு கொடுப்பாள். வீட்டுக்குள் வரச் சொல்ல மாட்டாள். நானாகப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

கோடையில் மலையேற வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. வேலிக்கு வெளியே நின்று அவள் துணி காய்வதைப் படம் பிடித்த ஒரு பெல்ஜியக்காரியைப் பார்த்து, "பெரிய உள்பாவாடை உள்ள இருக்கு, எடுத்தாரட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் உண்மையாகவே "தயவுசெய்து" என்று சொன்னாள். ஸெலி அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஊற்றின் கதையைச் சொல்ல வேண்டும். நான் ஊராட்சி வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கொடும் வறட்சி வந்தது. ஊர்த்தொட்டி காய்ந்துபோனது. லாரியில் தண்ணீர் வந்தது, அதற்கும் சண்டை. லா கூம்ப் ஊற்று மட்டும் விரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மேலே போய்க் கேட்கவில்லை. ஸெலியே இறங்கி வந்தாள். பழைய மேயரும் இன்னும் சில பெரிசுகளும் காப்பிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "குழாய் போட்டுக்கங்க. எனக்கும் ஆட்டுக்கும் போக மிச்சம் ஊருக்கு" என்றாள். மேயர் கையை நீட்டினார், அவளும் நீட்டினாள். அவ்வளவுதான்.

எங்கள் மலையில் தண்ணீருக்குப் பத்திரம் எழுத மாட்டார்கள். மேலடுக்குக்காரன் கீழடுக்குக்காரனுக்குத் தண்ணீர் விட்டால் கை கொடுப்பதோடு முடிந்தது. அது பேரன் காலத்துக்கும் செல்லும். கொடுத்த தண்ணீரைத் திரும்பக் கேட்ட குடும்பத்துக்கு அறுவடைக்கு ஆள் வராது, அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். வழக்கு, கோர்ட்டு எல்லாம் வேலிக்கும் சொத்துக்கும்தான்.

பிறகு பழைய மேயர் போய் பெர்னான் மேயரானான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, ரொட்டிக்கடை மூடியாயிற்று, காப்பிக்கடை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஊரைப் பிழைக்கவைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பழம்பெருமை. நீர்த்தொட்டியை இடித்துக் கட்டி, துணி துவைக்கும் மண்டபத்துக்கு ஓடு மாற்றி, அழகான ஊர் என்று பட்டம் கொடுக்கிற குழுவை வரவழைக்க ஓடினான். தொட்டியில் குடிதண்ணீர் ஓட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்து, நல்ல தண்ணீர் என்று முத்திரை வாங்கினான்.

அந்த வருஷம்தான் ஸெலிக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டர் சொன்னார். சாவுக்கு அவள் பயப்படவில்லை. இடம் உறுதியா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். சொந்த நிலத்தில் புதைக்க இந்தக் காலத்தில் மாவட்ட அதிகாரி அனுமதி வேண்டும். நான்தான் அலெஸ் போய் விசாரித்து வந்து சொன்னேன்.

"செத்தப்புறம்தான் விண்ணப்பம் போட முடியுமாம்."

"செத்தப்புறம் நான் எப்படிடா போடறது?"

"வேற யாராவது போடணும். ஆனா நெலத்தடி நீர் பாக்கற ஆள முன்கூட்டியே கூப்பிட்டுக் காட்டலாமாம். அவர் சரின்னா மத்தவங்களும் சரிம்பாங்க."

அவர் வந்தார். நல்ல மனுஷர், இளவயது. அடுக்கைச் சுற்றிப் பார்த்தார், மண்ணைக் கிண்டினார், ஊற்றுக்குப் போனார். ஸெலி கொடுத்த பாலாடைக்கட்டியை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"அம்மா, கல்லறைக்கு நேர் கீழ ஊத்து. கீழ பொதுத்தொட்டியில ஜனங்க குடிக்கறாங்க. நான் சரின்னு எழுத முடியாது."

"இவ்வளவு பேர் ஏற்கெனவே கெடக்கறாங்களே. நானும் எழுபது வருஷமா அதைத்தான் குடிக்கறேன்."

"பழசப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. புதுசுக்குத்தான் சட்டம். தொட்டித் தண்ணி குடிக்கறதுக்கு இல்லன்னு ஊராட்சி ஒரு பலகை மாட்டிட்டா எனக்கு ஆட்சேபணையே இல்லை. எத்தனையோ ஊர்ல அப்படித்தான் இருக்கு."

ஒரு சின்னத் தகரம். 'குடிக்கத் தகாத நீர்' என்று மூன்று சொல். நான் அரை மணியில் மாட்டிவிடுவேன்.

மறுநாளே ஸெலி தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தாள். பெர்னான் துவைக்கும் மண்டபத்தில் நின்று நான் கல் பதிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"ஸெலி, குழு அடுத்த வருஷம் செப்டம்பர்ல வருது. குடிக்கற தண்ணின்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்போ போய்க் குடிக்காதேன்னு தகரம் மாட்டினா சிரிப்பாங்க."

"சிரிச்சா என்ன? நீ பொறந்தப்ப ஊரே சிரிச்சுது. அவ்வளவு பெரிய தலை."

"தமாஷ் வேணாம். ஊரு பொழைக்கணும்."

"ஊரு பொழைக்க என் பொணமா குறுக்க நிக்குது?"

அவள் கிட்டே போனாள்.

"உன் தாத்தா எங்கடா கெடக்கறாரு?"

"எங்க திராட்சைப் பந்தலுக்குக் கீழ."

"உன் அப்பன்?"

"அங்கதான்."

"நீ?"

பெர்னான் தன் ஷூவைப் பார்த்தான். "எங்க பந்தலுக்குக் கீழ ஊத்து இல்லையே ஸெலி" என்றான்.

என் கையில் சுத்தியல் இருந்தது. கீழே வைத்துவிட்டேன். ஸெலி தடியை மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "நீ சொல்றது சரிதான்" என்று தலையாட்டினாள். திரும்பிப் போகையில் பாதையில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

ஊராட்சிக் கூட்டத்தில் வாக்கெடுத்தார்கள். அவளுக்கு ஆதரவாக ஒரே ஒரு கை உயர்ந்தது. யார் கை என்று கேட்காதீர்கள், அந்த ஆளும் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. பெர்னானுக்கு உறுத்தியிருக்க வேண்டும். சில நாள் கழித்து அவனே மேலே ஏறினான். குழாய் வேலையாக நானும் அங்கே இருந்தேன்.

"நான் ஒண்ணு யோசிச்சேன் ஸெலி. ஆபேலையும் கொழந்தையையும் எடுத்துப் பொதுக் கல்லறைக்குக் கொண்டுவந்துடலாம். உங்களுக்கும் பக்கத்துலயே இடம். செலவு மொத்தமும் ஊராட்சியோடது."

அவள் ஆட்டின் காலில் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"ஒரு கொழந்தைய எத்தன தடவடா புதைக்கிறது?"

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஊற்றுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்த வால்வை ஒரு திருகு திருகினாப் போதும். தொட்டி காஞ்சுபோகும். தண்ணியே வரலன்னா குடிக்கற தண்ணி எங்க இருக்கு? நெலத்தடி நீர் பாக்கற ஆள மறுபடி கூப்பிடுவோம், கையெழுத்து போட்டுட்டுப் போவாரு. உங்க ஊத்து, உங்க நெலம். எவன் கேப்பான்?"

"கொடுத்தாச்சு."

"யாருக்குக் கொடுத்தீங்க? கை நீட்டின மேயர் செத்தாரு. கூட நின்ன கெழவங்க எல்லாம் செத்தாங்க."

"அதனாலதான் திரும்பக் கேக்க முடியாது. யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"பிடிவாதம் ஸெலி இது. அவனுங்க உங்கள ஏறி மிதிக்கறானுங்க."

"அவன் அவனோட வேலையப் பாக்கறான். நான் கொடுத்த கைய நான் பாக்கறேன்."

"நீங்க சொல்ல வேணாம். நானே மூடறேன். வால்வு பழுதுன்னு சொல்லிக்கறேன்."

அப்போதுதான் அவள் எழுந்தாள். அவள் கோபப்பட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கத்தவில்லை. மருந்துப் புட்டியை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"மூடினேன்னா அப்புறம் இந்தப் படி ஏறாதே. உன் கையால ரொட்டி வேணாம். லா கூம்ப்காரி சாகற காலத்துல தண்ணிய நிறுத்தினான்னு ஊரு பேசும். ஆபேலோட பேரும் அதுல சேரும்."

"பேசட்டுமே. நீங்க கேக்கவா போறீங்க?"

"நான் கேக்க மாட்டேன். அது நெஜமா இருக்குமில்ல?"

வால்வைத் தொடவில்லை. இலையை அள்ளி வெளியே போட்டேன், தண்ணீர் நன்றாக ஓடுகிறதா பார்த்தேன், இறங்கி வந்தேன். அந்த இறக்கத்தில் நான் திட்டின வார்த்தைகளை எழுத முடியாது.

அடுத்த வசந்தத்தில் அவள் அந்த நடு இடத்தில் எதுவும் நடவில்லை. மற்ற அடுக்குகளில் நாற்று வைத்தாள். அங்கே புல் முளைத்து, மண் இறுகி, கோடையில் வெடிப்பு விட்டது. நான் பார்த்தேன், கேட்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் குனிந்து வேலை செய்வதை விட்டுவிட்டாள். ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். பலகைக்குப் படம் வேண்டும் என்று ஊராட்சியிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தபோது மறுக்காமல் நின்று கொடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. போய்ப் பார்த்தால் தெரியும்.

செப்டம்பரில் குழு வந்தது. தொட்டித் தண்ணீரைக் குடித்துப் பார்த்துப் பிரமாதம் என்றார்கள். பட்டம் கிடைக்கவில்லை. மின்கம்பிகள் கண்ணை உறுத்துகின்றனவாம். தகரத்தை இப்போதாவது மாட்டலாமே என்று பெர்னானிடம் கேட்டேன். "அடுத்த தடவை முயற்சி பண்ணணும் ரெமி, இப்போ தொட்டியில கைய வைக்காதே" என்றான்.

கஷ்கொட்டை உதிர்கிற காலத்தில் ஸெலி பாதையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. எவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்தாளோ தெரியாது. ரொட்டியோடு போன நான்தான் கண்டேன். அலெஸ் ஆஸ்பத்திரியில் இடுப்பைச் சரிசெய்தார்கள், ஆனால் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அவளுக்கு உறவென்று வந்து நிற்க யாருமில்லை. நான் வாரக்கடைசியில் போவேன்.

கடைசியாகப் போனது ஒரு ஞாயிறு. பக்கத்துக் கட்டில்காரியின் டிவியில் சைக்கிள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஸெலி கட்டிலில் பாதி இடம் கூட அடைக்கவில்லை. கைகள் மட்டும் பெரிசாகப் போர்வைமேல் கிடந்தன.

"தண்ணி ஓடுதா?"

"ஓடுது."

"பெர்னான் வந்தான். பூ கொண்டாந்தான். நர்ஸுக்குக் கொடுத்துட்டேன். பொதுக் கல்லறையில நல்ல எடமா வெயில் படற மாதிரி பாத்து வெச்சிருக்கானாம்."

"என்ன சொன்னீங்க?"

"நன்றின்னேன். வேற என்னத்தச் சொல்ல?" இருமினாள். நான் தலையணையைத் தூக்கி வைத்தேன். "நீ தோண்டறப்போ ஆழமாத் தோண்டு. பாறை வருதுன்னு பாதியில விட்டுடாதே."

"சரி."

கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். என் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை.

"ரெமி, நீங்க கத்தோலிக்கங்கல்லாம் செத்தவங்ககிட்ட பேசுவீங்கல்ல. நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்குப் பூந்தொட்டியத் தூக்கிட்டுப் போய், கல்லுகிட்ட உக்காந்து, வீட்டு விஷயமெல்லாம் சொல்லுவீங்க. உங்கம்மா பேசிப் பாத்திருக்கேன். பால் வெலை கூடச் சொல்லுவா."

"ஆமா. சொல்லுவாங்க."

"எங்களுக்கு அது கெடையாது. செத்தவங்க கர்த்தர்கிட்ட. நாம பேசினா கேக்காது, பேசறதும் தப்பு. அப்படித்தான் எங்கம்மா சொன்னா. நான் லிடி பக்கத்துலயே வருஷக்கணக்காக் குனிஞ்சு களை எடுத்திருக்கேன், ஒரு வார்த்த பேசினதில்ல. இப்ப போய் ஆரம்பிக்க எனக்கு வாய் வராது. நடந்து போகவும் முடியாது."

பக்கத்துக் கட்டில்காரி டிவி சத்தத்தைக் கூட்டினாள். ஸெலி சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"நீ மேல போ. ஆபேல்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், அவன் புரிஞ்சுப்பான். லிடிகிட்ட மட்டும் சொல்லு. அம்மா வரலன்னு சொல்லு."